ஏலமும் ஏலம் விடப்படும் சொற்களும்

எம் கல்லூரித் தாயின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எழுதிய கடிதம் எல்கடுவ வந்து சேர்ந்தபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையாகவே இருத்தல் வேண்டும். யாமும் முதலில் அவ்வாறே எண்ணிச் சில குறிப்புகளை எடுத்து வைத்தோம். ஆயினும் எழுத அமர்ந்த நாள்களில் எம் மனத்தை விட்டு நீங்காதிருந்தது வேறொரு செய்தி. இணையத் தேடுபொறிகளிற் சொற்கள் ஏலத்தில் விற்கப்படுகின்றன. அவ்வேலத்திற் பணம் மட்டும் பேசுவதில்லை. சொல்லின் பொருத்தத்துக்கும் புள்ளி இடப்படுகின்றது. புள்ளி குறைந்தவன் அதே இடத்துக்குக் கூடிய விலை கொடுக்கின்றான். சொல்லுக்குப் புள்ளியிடுவதையே பிழைப்பாகக் கொண்ட யாம் இதனை அறியாதிருந்தமையால், எம் மாணவன் ஒருவன் பொருளிழக்க நேர்ந்தது. ஆதலின் இக்கட்டுரை ஒருவகையில் எம் பிழைக்கு யாமே எழுதும் விளக்கமாகும். பழைய மாணவருள் வாணிகம் புரிவோர் பலர் உளர். அவர்க்கு இது பயன்படவுங் கூடும்.

அம்மாணவன் இவ்வூர்த் தோட்டத்து லயமொன்றிற் பிறந்தவன். உயர்தரப் பரீட்சை எழுதியபின் கொழும்பிற் பலசரக்குக் கடையொன்றிற் சில ஆண்டுகள் நின்றான். பின்னர் ஊர் திரும்பி, சுற்று வட்டாரத்து வீட்டுத் தோட்டங்களில் விளையும் மிளகு, கராம்பு, கறுவா, சாதிக்காய், ஏலக்காய் முதலியவற்றை வாங்கி, உலர்த்தி, சிறு பொதிகளாக்கித் தபால் வழியாக விற்கத் தொடங்கினான். மாத்தளையின் வாசனைத் திரவியங்கள் பெயர்பெற்றவை என்பதை இம்மலரின் வாசகர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெருந்தெருவோரத்து வாசனைத் தோட்டங்களில் உல்லாசப் பயணிகளின் வண்டிகள் வந்து நிற்பதையும் யாவரும் கண்டிருப்பர். தெருவோரத்தில் ஒரு சாண் நிலமும் இல்லாத சிறு வணிகனுக்கோ இணையமே கடைத்தெரு. அங்கு விளம்பரம் செய்ய விரும்பிய அவன் ஒருநாள் மாலை எம்மிடம் வந்து, “சேர், தமிழிலும் விளம்பரம் போடலாமாம். நல்ல தமிழில் எழுதித் தாருங்கள்” என்றான்.

கேட்டாரே, அதுவும் நல்ல தமிழ் கேட்டாரே என்று எமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டு இரவுகள் அமர்ந்து எழுதினோம். எப்பொருளை எச்சொல்லால் தேடுவோர்க்கு விளம்பரம் காட்டப்படல் வேண்டும் என்னும் பட்டியலையும் யாமே வகுத்துக் கொடுத்தோம். ‘நறுமணப் பொருள்’ என்றோம், ‘இலவங்கம்’ என்றோம், ஏலக்காய் என்பது கடைத்தெருச் சொல்லாகத் தோன்றியமையால் ‘ஏலம்’ என்று சுருங்கச் சொன்னோம். மூன்று வாரங் கழித்து அவன் பாடசாலை விட்ட நேரத்தில் வந்து கைப்பேசியைக் காட்டி, “சேர், வருகிறவர்களெல்லாம் அடகு நகை எப்போது ஏலம் போகும் என்று கேட்கிறார்கள்” என்றான்.

எமக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நாட்டில் அடகு வைத்த நகைகள் மீட்கப்படாது ஏலத்துக்குப் போகும் காலத்தில், ‘ஏலம்’ என்று தேடுபவர் எதனைத் தேடுவார்? தம் தாலிக்கொடியைத் தேடுவார். அன்றேல் மலிவான வண்டியைத் தேடுவார். அவர் முன் நாம் ஏலக்காய்ப் பொதியை நீட்டியிருக்கின்றோம். விளம்பரம் பன்முறை காட்டப்பட்டும் அதனைச் சொடுக்கியவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவருள்ளும் பெரும்பாலார் வழி தவறி வந்தவர். அச்சொல்லுக்கு நேரே ‘தரப்புள்ளி’ என்னும் தலைப்பின்கீழ்ப் பத்துக்கு இரண்டு என்று இட்டிருந்தது. பிறர்க்குப் பத்துக்கு இரண்டு இட்ட அனுபவம் எமக்கு நிரம்ப உண்டு. பெற்ற அனுபவம் நெடுங்காலத்துக்குப் பின் அன்றுதான் வாய்த்தது.

இவ்விளம்பர முறையை அறியாத முதியோர்க்காகச் சிறிது விளக்குவோம். பத்திரிகையில் விளம்பரம் செய்பவன் இடத்துக்குப் பணம் கட்டுகின்றான். படித்தவர் எத்துணையர் என்பது அவன் கவலை. தேடுபொறியிலோ விளம்பரம் காட்டப்படுவதற்குக் கட்டணமில்லை. ஒருவர் அதனைச் சொடுக்கிக் கடைப்பக்கத்துக்கு வந்தாலே கட்டணம். ஒரு சொல்லைத் தேடுவோர்க்குத் தம் விளம்பரம் தோன்ற வேண்டுமென விரும்புவோர் பலராயின், அவர்களிடையே கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடந்து முடிகின்றது. சொடுக்கு ஒன்றுக்கு எத்துணை வரை கொடுக்க இசைவர் என்பதை ஒவ்வொருவரும் முன்னரே எழுதி வைத்துள்ளனர்.

இம்முறையைப் பெருவழக்காக்கியவர் அமெரிக்கரான பில் குரோஸ் என்பார். அவர் 1998இல் தொடங்கிய ‘கோட்டு’ என்னும் தளத்தில் கூடிய விலை கேட்டவர் மேலே நின்றார்; அடுத்தவர் கீழே நின்றார். கேட்ட விலை யாவர்க்கும் வெளிப்படையாகத் தெரிந்தது. அதில் நேர்மை உண்டு. ஆனால் ஒரு குறையும் உண்டு. பணமுடையவனே முன்னிற்பான்.  தேடியவர் சொடுக்கவில்லையாயின் தளத்தாருக்கும் வருவாயில்லை. 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் தன் விளம்பரத் தளத்தைத் தொடங்கிய கூகுள் நிறுவனம், 2002 பெப்ரவரியில் இக்குறைக்கு ஒரு பரிகாரம் கண்டது. கேட்ட விலையோடு, அவ்விளம்பரத்தைக் கண்டவருள் எத்துணையர் சொடுக்கினர் என்னும் வீதத்தையும் பெருக்கி வரிசைப்படுத்தியது. 2005இல் அது விரிந்து ‘தரப்புள்ளி’ என்னும் பெயரைப் பெற்றது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விளம்பரத் தளத்திலும் இதனையொத்த பத்துப் புள்ளி முறை உண்டு.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். எண்கள் விளக்கத்துக்காக யாம் புனைந்தவை. ஏலக்காய் விற்போர் மூவர். முதலாமவர் சொடுக்குக்கு 100 ரூபா வரை கொடுக்க இசைகின்றார். அவர் தரம் 3. இரண்டாமவர் 40 ரூபாவே இசைகின்றார், தரம் 8. மூன்றாமவர் 50 ரூபா, தரம் 4. பெருக்கிப் பார்ப்பின் முறையே 300, 320, 200 ஆகும். நாற்பது ரூபாக்காரரே முதலிடத்தைப் பெறுகின்றார். இனிக் கட்டணத்தைக் காண்போம். தமக்கு அடுத்துக் கீழே நிற்பவரை வெல்லப் போதுமான தொகையையே ஒவ்வொருவரும் செலுத்துவர் என்பது இவ்வேலத்தின் அடிப்படை விதி. எனவே முதலிடத்தவர் 300ஐ 8ஆல் வகுத்துவரும் 37 ரூபா 50 சதமும் அதற்கு மேல் ஒரு சிறு காசும் கட்டுவர். நூறு ரூபா கேட்டவரோ 200ஐ 3ஆல் வகுத்துவரும் 66 ரூபா 67 சதத்தைக் கட்டி இரண்டாமிடத்தில் நிற்பர். கீழே நிற்பவர் கூடக் கட்டுகின்றார். மேலே நிற்பவர் குறையக் கட்டுகின்றார்! எம் மாணவன் அன்று பத்துக்கு இரண்டு பெற்றவன் என்பதை நினைவிற்கொண்டால், யாம் அவனுக்குச் செய்த தீங்கின் அளவு புலப்படும்.

உண்மைக் கணக்கு இதனினுஞ் சிக்கலானது. தேடுபவர் நிற்கும் ஊர், நேரம், கைக்கருவி, தேடலின் நோக்கம் முதலியனவும் சேர்கின்றன. ஒரு குறைந்தபட்ச எல்லையை எட்டாத விளம்பரம் எத்துணைப் பணம் கேட்டும் தோன்றாது. மேலும், பத்துக்கு இத்தனை என நம் கண்ணுக்குக் காட்டப்படும் புள்ளி நேரே ஏலத்திற் சேர்க்கப்படுவதன்று; ஒவ்வொரு தேடலிலும் தரம் அக்கணமே புதிதாக மதிப்பிடப்படுகின்றது. காட்டப்படும் புள்ளியைத் தவணைப் பரீட்சைப் புள்ளிக்கு ஒப்பிடலாம். பொதுப் பரீட்சைப் பெறுபேற்றில் அது சேராது. எப்பாடத்தில் நலிவு என்பதைச் சொல்லும்.

மூன்று பாடங்கள் உள. முதலாவது, எதிர்பார்க்கப்படும் சொடுக்கு வீதம். இரண்டாவது, தேடற்சொல்லின் கருத்துக்கும் விளம்பர வாசகத்துக்கும் உள்ள பொருத்தம். மூன்றாவது, சொடுக்கியவர் வந்திறங்கும் பக்கத்தின் பயன். ஒவ்வொன்றுக்கும் ‘சராசரிக்கு மேல்’, ‘சராசரி’, ‘சராசரிக்குக் கீழ்’ என மூன்று நிலைகளே உண்டு. அதே சொல்லுக்குக் கடந்த 90 நாளில் விளம்பரம் செய்த பிறரோடு ஒப்பிட்டே இவை இடப்படுகின்றன. மேலிடத்தில் நின்றமையால் மட்டும் கிட்டிய சொடுக்கு கழிக்கப்பட்டே முதலாவது மதிப்பிடப்படுகின்றது என்பது எமக்கு மிகவும் உவப்பாயிற்று. முன்வாங்கிற் பிள்ளை முன்வாங்கில் இருப்பதற்காகவே புள்ளி பெறுதல் எம் வகுப்பிலும் கூடாது.

எம் மாணவனின் கதையில் மூன்று பாடங்களிலும் நலிவு இருந்தது. ‘ஏலம்’ என்பதன் கேட்டை முன்னரே சொன்னோம். வாசகமோ, ‘மலைவளஞ் சான்ற மாத்தளையின் மணமிகு செல்வம்’ என்று தொடங்கிற்று. அதை எழுதியபோது எமக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதில் ஏலக்காய் என்னும் சொல்லே இல்லை, நிறை இல்லை, விலை இல்லை, தபாலில் வருமா என்பதும் இல்லை. வந்திறங்கும் பக்கத்தில் அவன் எல்லாப் பொருள்களையும் ஒன்றாகக் குவித்து, பெரிய பெரிய வண்ணப் படங்களை வைத்திருந்தான். நக்கிள்ஸ் மலைச் சாரலில் வாழும் எமக்கு அலைவரிசை வருவதும் மறைவதும் மேகத்தைப் பொறுத்தது. அப்பக்கம் எம் கைப்பேசியில் திறந்து முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும். ஏலக்காய் வேண்டி வந்தவர் மிளகையும் சாதிக்காயையும் தாண்டிக் கீழே போய்த் தேடவேண்டியிருந்தது. யார் பொறுப்பார்?

பின்னர் இருவருமாக அமர்ந்து திருத்தினோம். ‘ஏலம்’ என்பதை நீக்கினோம். ‘ஏலக்காய்’, ‘ஏலக்காய் விலை’, ‘ஏலக்காய் 100 கிராம்’ என்றவாறு மக்கள் உண்மையில் எழுதுகின்றவற்றை வைத்தோம். நகை, அடகு, வண்டி, காணி என்னும் சொற்கள் சேர்ந்துவரும் தேடல்களுக்கு விளம்பரத்தைக் காட்டாதிருக்குமாறு விலக்குச் சொற்களாகக் குறித்தோம். இந்த விலக்குப் பட்டியலைப் பலர் மறந்துவிடுகின்றனர். எதை வேண்டாமென்பது எதை வேண்டுமென்பதற்கு இணையாக முக்கியம். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப்பக்கம் அமைத்து, படங்களைச் சிறிதாக்கி, விலையையும் தபாற் செலவையும் முதலிலேயே எழுதினான். எம் ‘மணமிகு செல்வம்’ கழன்று, ‘மாத்தளை ஏலக்காய், 100 கிராம் பொதி, தபாலில் அனுப்பப்படும்’ என்றாயிற்று. இரண்டு மாதத்திற் புள்ளி ஏழானது. சொடுக்குக்குக் கொடுத்த தொகை முன்னையதிற் பாதிக்கும் கீழே இறங்கியது. விலையை உயர்த்திக் கேட்குமாறு அவனுக்கு நண்பர் சிலர் முன்பு யோசனை சொல்லியிருந்தனர். அவ்வாறு செய்திருப்பின் நகை தேடி வந்தவர்க்கெல்லாம் கூடிய கட்டணம் கட்டியிருப்பான்.

இனி எம் கருத்துக்கு வருவோம். புள்ளியிடும் இம்முறை அடிப்படையில் நேரியது என்பதே எம் துணிபு. பணத்தை மட்டும் நோக்கும் ஏலத்தில் எல்கடுவச் சிறு வணிகனுக்கு இடமே இல்லை. பொருத்தத்தையும் நோக்கும் ஏலத்தில், தன் பொருளையும் தன் மக்களின் சொல்லையும் அறிந்தவனுக்கு இடமுண்டு. ஆனால் இவ்விடத்தில் எமக்கு ஓர் ஐயம் எழுகின்றது. அதனை விளக்க எம் இளமைக்குச் செல்லல் வேண்டும்.

எம் அன்னையார் கொழுந்து பறித்தவர். மாலையிற் கொழுந்து நிறுக்குமிடத்தில் கூடையோடு வரிசையில் நிற்பார். பாடசாலை விட்டு வந்த யாம் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அருகில் நிற்போம். கணக்கப்பிள்ளை தராசைப் பார்ப்பார். ஈரத்துக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என மனத்துள் கழித்து ஓர் எண்ணைப் பதிவார். நாள் நிறை எட்டாதவர்க்கு அரைப்பேர் விழும். அன்னையார் முணுமுணுத்துக்கொண்டே லயத்துக்கு வருவார். “முற்றல் இலை போட்டால் கழிக்கட்டும். கழித்தது எத்தனை என்று சொல்லட்டும்” என்பார். தரம் பார்க்க வேண்டியதில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளுவதில் அவருக்கு இருந்த பெருமை எமக்குத் தெரியும். தரம் பார்ப்பவரும் கூலி கணக்கிடுபவரும் ஒருவராய், கழித்த கணக்கும் அவர் மனத்துள்ளேயே இருப்பதுதான் அவருடைய வழக்கு.

அதே கொழுந்து தேயிலையாகிக் கொழும்புக்குப் போனால் அங்கும் ஓர் ஏலம். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் தொடங்கியது. கூடத்தில் கூவி விற்ற வழக்கம் மாறி, 2020 ஏப்ரல் முதல் கணினி வழியாக நடைபெறுகின்றது. அங்கும் விலைக்கு முன் தரமே பேசப்படுகின்றது. தரகர் சுவைத்து மதிப்பிடுகின்றார். ஆனால் மாதிரித் தேயிலை வாங்குவோர்க்கும் முன்கூட்டியே அனுப்பப்படுகின்றது. அவரும் தம் மேசையில் ஊற்றிச் சுவைத்துப் பார்க்கலாம். தரகர் கூறியது தவறாயின் விலை அதனைக் காட்டிவிடும். சொல் ஏலத்திலோ சுவைப்பவர் ஒருவரே. ஏலம் விடுபவரும் அவரே. பணம் பெறுபவரும் அவரே. மாதிரி எவர்க்கும் கிடைப்பதில்லை. ‘சராசரிக்குக் கீழ்’ என்று மட்டும் சொல்லப்படுகின்றது. எவ்வளவு கீழ், யாரினும் கீழ் என்பன சொல்லப்படுவதில்லை.

இது வெறும் ஐயமன்று என்பதற்கு அண்மையிற் சான்று கிடைத்துள்ளது. 2024 ஓகஸ்ட் 5ஆம் நாள் வாசிங்டன் சமட்டி நீதிமன்ற நீதியரசர் அமித் மேத்தா, கூகுள் நிறுவனம் பொதுத் தேடலிலும் தேடலோடு வரும் எழுத்து விளம்பரத்திலும் தனியுரிமையைச் சட்டத்துக்கு மாறாகக் காத்துக்கொண்டது எனத் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பில் விளம்பர ஏலத்தின் உள்ளமைப்பு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அடுத்த இடத்தவரின் கணக்கை உயர்த்துவதன் மூலம் வென்றவர் செலுத்தும் கட்டணம் கூடுமாறு செய்யும் முறையொன்றும் அதில் விவரிக்கப்படுகின்றது. மேலே யாம் போட்ட கணக்கில், முதலிடத்தவர் 37 ரூபா 50 சதம் கட்டியது 300 என்னும் எண்ணால் அன்றோ? அந்த 300, மேசைக்கு அப்பால் 310 ஆனால் அவர் கட்டுவது 38 ரூபா 75 சதம். தம் தரமும் மாறவில்லை, கேட்ட விலையும் மாறவில்லை. கட்டணம் மட்டும் மாறியிருக்கும். கட்டியவர்க்கு அது தெரியவும் வராது. 2025 செப்டெம்பரில் வந்த பரிகாரத் தீர்ப்பு, ஏல முறையிற் செய்யும் முக்கிய மாற்றங்களை வெளியிடல் வேண்டும் எனப் பணித்தது. “கழித்தது எத்தனை என்று சொல்லட்டும்” என்ற குரலின் ஒரு பகுதி வேறோர் ஊரில் ஏறியிருக்கின்றது என்றே யாம் கொள்கின்றோம். முழுமையாக ஏறவில்லை. மாற்றத்தைச் சொல்வது வேறு. என் கூடையிற் கழித்ததைச் சொல்வது வேறு.

இஃதொருபுறமிருக்க, புள்ளியையே தெய்வமாக வழிபடுவோர் செய்யும் பிழையையுஞ் சொல்லியாக வேண்டும். புள்ளி ஏழானதும் எம் மாணவனுக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. எல்லாச் சொல்லுக்கும் பத்துப் பெறவேண்டுமென நினைத்தான். தன் கடையின் பெயரையே சொல்லாக வைத்தான். உடனே பத்து வந்தது. வராமல் என்ன செய்யும்? கடையின் பெயரை எழுதித் தேடுபவர் அக்கடையைத்தானே தேடுகின்றார்? விளம்பரம் இல்லாவிடினும் அவருட் பெரும்பாலார் வந்தே இருப்பர். மறுபுறம், ‘மிளகு மொத்த விலை’ என்னும் சொல்லுக்குப் புள்ளி நான்குதான் என்று அதனை நிறுத்திவிட்டான். அச்சொல்லைத் தேடி வந்தவர் சிலரே. ஆயினும் அவருள் இருவர் உணவுக்கடைக்காரர். மாதந்தோறும் கிலோக் கணக்கில் வாங்கியவர்கள். நான்கு புள்ளிச் சொல் அரிசிக்குக் காசு தந்துகொண்டிருந்தது. பத்துப் புள்ளிச் சொல் மதிப்புரைதான் தந்தது. பரீட்சையிற் புள்ளி குவித்து வாழ்க்கையில் ஒரு கடிதம் எழுதத் தெரியாத பிள்ளைகளை நாம் ஆக்கிவிட்டதுபோல, கணினித் திரையிலும் அதே பாடத்தை அவன் நடத்தத் தொடங்கியதைக் கண்டு யாம் அவனைக் கடிந்துகொண்டோம். எங்கே கற்றாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எம் வகுப்பறையைக் காட்டியிருப்பான்.

தமிழுக்கென்றே அமைந்த சிக்கல்கள் சிலவற்றைத் தமிழாசிரியராகிய யாம் சொல்லாது விடுதல் முறையன்று. கூகுள் விளம்பரத்திலே தமிழ் மொழிக்கு இடம் கிட்டியது 2018 பெப்ரவரியில். ஆங்கிலச் சொற்களுக்குப் போட்டி மிகுதி; தமிழ்ச் சொற்களுக்குக் குறைவு. இது சிறு வணிகனுக்கு வாய்ப்பு. ஆனால் அதே குறைவு வேறொரு வகையிற் கேடுமாகின்றது. தேடுவோர் மிகக் குறைந்த சொல்லை ‘தேடல் அளவு குறைவு’ எனக் குறித்து, தேடல் பெருகும்வரை செயலற்றதாக வைத்துவிடுகின்றார்கள். போதிய தரவு இல்லாத சொல்லுக்குப் புள்ளிக்குப் பதிலாக ஒரு கோடு மட்டும் நிற்கும். மேலும், மக்கள் எந்தெந்தச் சொல்லை எழுதித் தேடியபோது நம் விளம்பரம் தோன்றியது என்னும் அறிக்கையில், போதிய தொகையினர் தேடியவற்றை மட்டுமே காட்டுவதென 2020 செப்டெம்பரில் வரையறுத்தனர். கோடிக்கணக்கானோர் தேடும் ஆங்கிலத்தில் இதனால் மறைவது ஒரு பங்காயின், சிலரே தேடும் எம் மலையகத் தமிழில் எத்துணை மறையும்? எம் மாணவன் ‘ஏலம்’ என்னும் சொல்லின் கேட்டை அறிக்கையிலிருந்து முழுதும் அறிந்தானல்லன். நகை கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களிடமிருந்துதான் அறிந்தான்.

அடுத்தது, ஒரே பொருளுக்கு இடத்துக்கு இடம் வழங்கும் சொல். இலங்கையில் நாம் கறுவா என்பதைத் தமிழ்நாட்டார் பட்டை என்பர். ‘பட்டை’ என்று பட்டியலில் எழுதினால் மரப்பட்டையும் வரும், திருநீற்றுப் பட்டையும் வரும், சாராயமும் வரும். நாம் கராம்பு என்பதை அவர் கிராம்பு என்பர். நாம் வசவாசி என்பதை அவர் சாதிபத்திரி என்பர். ‘இலவங்கம்’ என்று யாம் பெருமையோடு எழுதிக் கொடுத்த சொல்லைக் கண்டு ஒருவர் கராம்பை எண்ணுவார், மற்றொருவர் கறுவாவை எண்ணுவார். கறுவாவைக் ‘கருவா’ என்று எழுதித் தேடுவோரும் உளர். எழுத்துப்பிழை என்று அவரை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்த முடியாது. அவர் காசு கொடுத்து வாங்க வந்தவர். தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடும் இளைஞர் கூட்டம் வேறு.

இங்கு எம் தோழர் சிலர் எம்மோடு மாறுபடுவர். தூய சொல்லைக் கைவிட்டுக் கடைத்தெருச் சொல்லுக்கும் பிழைச் சொல்லுக்கும் ஆசிரியனே வக்காலத்து வாங்குவதா என்பர். தூய சொல்லை யாம் கைவிடவில்லை; வகுப்பில் அது தன் இடத்தில் இருக்கின்றது. ஆனால் ஒருவர் ஒரு பொருளை வேண்டி நிற்கும்போது அவர் வாயில் வரும் சொல் எது என்று கேட்டறிவதும் மொழிக் கல்வியே. அதனை இழிவெனக் கருதியே எம் மாணவனின் பணத்தை யாம் வீணாக்கினோம். இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தோம். ஒரு பொருளை எடுத்துக்கொள்க. அதனை உன் பாட்டி எச்சொல்லாற் குறிப்பார், கடைக்காரர் எச்சொல்லாற் குறிப்பார், பாடநூல் எச்சொல்லாற் குறிக்கின்றது, யாழ்ப்பாணத்து உறவினர் ஒருவர் உளராயின் அவர் எச்சொல்லாற் குறிப்பார் என எழுதி வருக என்றோம். பிள்ளைகள் கொண்டுவந்த பட்டியலில் யாம் அறியாத சொற்கள் பதினொன்று இருந்தன. அவற்றுள் மூன்றை எம் மாணவன் தன் விளம்பரத்திற் சேர்த்துக்கொண்டான்.

பழைய மாணவருள் வாணிகம் செய்வோர்க்கு ஒரு வேண்டுகோள். விளம்பரத்தை எவரிடமேனும் ஒப்படைத்துவிட்டு மாத முடிவிற் செலவை மட்டும் பார்த்திருப்பவர் உங்களுட் பலர். வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்கி, எச்சொல்லுக்குக் காட்டப்பட்டது, எச்சொல்லால் விற்றது என்னும் இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பாருங்கள். புள்ளி குறைந்த சொல்லைக் கண்டால் விலையைக் கூட்டுமுன், அச்சொல் தேடுபவரின் சொல்தானா என்று உங்கள் கடைச் சிப்பந்தியிடம் கேளுங்கள். எம்மைப் போன்ற தமிழாசிரியரிடம் கேட்பதாயின் இரண்டாவதாகக் கேளுங்கள். சங்கத்தார் இசைவராயின், விழா முடிந்தபின் கல்லூரிக் கணினி அறையில் ஒரு சனிக்கிழமை கூடி, அவரவர் சொற்பட்டியலை ஒருங்கே வைத்துப் பார்க்கலாம். கறுவா விற்பவரும் சேலை விற்பவரும் தனித்தனியே அறிந்ததை ஒன்று சேர்த்தால், அறிக்கையில் மறைக்கப்படுவனவற்றுட் சிலவேனும் புலப்படக்கூடும். எம் மாணவனும் வருவதாகச் சொல்லியிருக்கின்றான்.

சென்ற வாரம் அவன் தன் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினான். ஏலக்காய்க்கு எட்டு, கறுவாவுக்கு ஏழு, கராம்புக்கு ஆறு, மீண்டும் சேர்க்கப்பட்ட ‘மிளகு மொத்த விலை’க்கு ஐந்து. வசவாசிக்கு நேரே மட்டும் இன்னும் ஒரு சிறு கோடு நிற்கின்றது. அதனை நீக்கிவிடவா என்று கேட்டான். கொழும்பிலிருந்து ஒரு முதிய அம்மையார் மாதந்தோறும் தொலைபேசியில் அழைத்து அச்சொல்லைச் சொல்லியே ஐம்பது கிராம் வாங்குகின்றார் என்பதை அவனே முன்பு எம்மிடம் சொல்லியிருந்தான். இருக்கட்டும் என்றோம்.